சித்தப்பாவின் காருக்கு அடியில்

சித்தி பிரிந்துபோன பிறகு சித்தப்பா எங்களுடைய வெக்ஸ்போர்ட் வீட்டு பேஸ்மென்ற்றில் வந்து இருந்தார். வேலைக்குப் போவார், வருவார், சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைப்பார். ஏதாவது கேட்டால் "ஓம்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. அப்பாவுக்கு ட்ரெயிலர் செய்யும் பட்டறையில் இரவு நேர வெல்டிங் வேலை. விடிந்ததும் கண் சிவக்க வந்து சேருவார். எனக்கு எட்டு வயது. களைப்பு என்பது குளிரைப்போல இந்த ஊரோடு சேர்ந்த ஒன்று என்று நினைத்திருந்தேன்.

அந்த வசந்தத்தில் சித்தப்பா ஒஷாவாவில் ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கி வந்தார். அறுபதுகளில் செய்த, நீண்ட மூக்குள்ள சிவப்புக் கார். அதை கராஜுக்குள் விட்ட அன்று அவர் ஒரே மூச்சில் பேசியது இன்றும் காதில் நிற்கிறது.

"இதில ரண்டு விதம் இருக்கு, அண்ணை. சாதாரணக் காரின்ர பிறேம், அதுதான் அடிச்சட்டம், ஒரு பக்கம் திறந்து கிடக்கும், 'ப'னாவைச் சரிச்சு வைச்ச மாதிரி. பெரிய எஞ்சின் போட்ட அசல் காருக்கு நாலு பக்கமும் மூடி, பெட்டி மாதிரி இருக்கும். இல்லாட்டி ஓடேக்க முறுகிப்போகும். இது அசல் எண்டுதான் வித்தவன் சொன்னவன்."

"நீ குனிஞ்சு பாத்தனியே?" என்று கேட்டார் அப்பா.

"இல்லை. நீங்கள் பாருங்கோ."

பாதி உலகத்தைப் படித்துவிட்டு வந்தவர்போலப் பேசிய மனிதர் ஏன் குனிந்து பார்க்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா காரை ஜாக்கியில் உயர்த்தி, தாங்கிகளை வைத்து, அடியில் ஊர்ந்தார். நான் டோர்ச் பிடித்தேன். அடிச்சட்டத்தின் உட்பக்கத்தில் அவர் விரல்களை வைத்தார். அவை தடையில்லாமல் உள்ளே போயின. வெளியே எடுத்தபோது கை நிறையச் சிவந்த துருக் கறள். நானும் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரை போனது. அந்தப் பக்கம் திறந்துதான் கிடந்தது.

அப்பா சிறிது நேரம் அப்படியே மல்லாந்து கிடந்தார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு வெளியே வந்து, கதவோரம் நின்ற தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"மூடித்தான் கிடக்கு. அசல்தான். அங்கங்க கறள் பிடிச்சிருக்கு, தகடு வைச்சு ஒட்டவேணும்."

நான் வாயைத் திறந்தேன். "டோர்ச்சைக் கொண்டுபோய் வை, பிள்ளை," என்றார் அப்பா.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறு முழுவதும் அவர் கராஜில்தான். பட்டறையில் இருந்து கொண்டுவந்த தகடுகளை அளந்து வெட்டி, திறந்திருந்த பக்கத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மூடி ஒட்டினார். "ஞாயிறிலயாவது கொஞ்சம் படுங்கோவன்," என்று அம்மா கதவருகில் வந்து சொல்லிவிட்டுப் போவார். கறளுக்குத்தான் இவ்வளவு வேலையா என்று நான் கேட்டதற்கு, அப்பா முகமூடியை இறக்கிக்கொண்டார்.

ஒட்டி முடிந்ததும் சித்தப்பா கறுப்புப் பெயின்ற்றோடு காருக்கு அடியில் போனார். புது ஒட்டுகளின் தழும்பு தெரியாதபடி, தூரிகையால் மெல்ல மெல்லப் பூசினார். வெளியே வந்தபோது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. பெயின்ற் மணம் என்றார்.

முதல் ஓட்டம் றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு. அப்பா பின் இருக்கையில் ஏறிய உடனேயே தூங்கிவிட்டார். கோயில் வாசலில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு அங்கிள் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, "அசலோ தம்பி?" என்று கேட்டார்.

"ஓம், அண்ணை பாத்தவர்," என்றார் சித்தப்பா, குரலைத் தாழ்த்தி. பிறகு, அப்பாவின் முகத்தில் வெயில் படாதபடி காரை நிழலுக்கு நகர்த்தினார்.

எனக்குக் கோபமாக வந்தது. அது அசல் இல்லை என்று தொட்டுப் பார்த்த அப்பாவுக்கும் தெரியவில்லை, அவ்வளவு நேரம் கீழே கிடந்து பூசிய சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. இந்த வீட்டில் கண் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போனேன்.