லேபிள் நின்ற நேரங்கள்

திரையின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சிறு பெட்டி தோன்றும். பிழை நேர்ந்துவிட்டது, மூடப்படுகிறது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். அதைப் பார்த்ததுமே லேபிள் அக்கா கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். தான் எதையும் தொடவில்லை என்று காட்டத்தான் அப்படிச் செய்கிறார் என்பது எனக்குப் புரியவே பல வாரங்கள் ஆயின.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. சுங்குவார்சத்திரம் அருகே கார் விளக்குகள் செய்யும் ஆலையொன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அக்கா பக்கத்து ஊர்க்காரர், கான்ட்ராக்ட் தொழிலாளி. லாரியில் ஏறும் ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் அச்சடித்து ஒட்டுவது அவர் பொறுப்பு. லேபிள் மென்பொருள் நின்றால் லாரியும் நிற்கும், சூப்பர்வைசர் கத்துவார். "கண்டதையும் தட்டாதன்னு எத்தன வாட்டிமா சொல்றது?" நான் போய்க் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுவிட்டு, புகார்ப் புத்தகத்தில் 'பயன்படுத்தியவரின் தவறு' என்று எழுதிக் கையெழுத்திடுவேன். காரணம் தெரியாதபோது எழுத வசதியான சொற்கள். "அந்த புது லைட்டு வந்தாதான் சார் நின்னுபூடுது" என்று அக்கா ஒருமுறை சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவரை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டு, அவர் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்தார்கள். மாதக் கடைசியோடு அக்கா வேலைக்கு வர வேண்டாம் என்று கான்ட்ராக்டரிடமும் சொல்லியாயிற்று. சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நான் இன்னா சார் பண்ணேன்? என் தப்புன்னு புக்குல எழுதிக்கீறீங்களாமே?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அன்று பிற்பகலே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தானாக ஓடிக்கொண்டிருக்கும் சில வரிகள், அவ்வளவுதான். லேபிள் மென்பொருள் உயிரோடு இருக்கிறதா என்று அது நிமிடத்துக்கொருமுறை எட்டிப்பார்க்கும். இல்லையென்றால் நேரத்தையும், கடைசியாக எந்தப் பொருளுக்கு லேபிள் கேட்கப்பட்டது என்பதையும் குறித்து எனக்கு மின்னஞ்சல் அனுப்பும்.

வெள்ளிக்கிழமைக்குள் நான்கு மின்னஞ்சல்கள். நான்கு முறையும் அக்கா பேக்கிங்கில் இருந்தார். நான்கிலும் ஒரே பொருள்: அந்தப் புது விளக்கு. பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதன் பெயரை உள்ளே ஏற்றியவன் நான்தான். நீளமான பெயர், அவ்வளவு நீளத்துக்கு அந்த மென்பொருளில் இடமில்லை. அதை அச்சடிக்கப் போகும்போதெல்லாம் திணறி விழுந்திருக்கிறது.

ஓசைப்படாமல் பெயரைச் சுருக்கிவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அக்காவை மாற்றிய வாரத்திலேயே எல்லாம் சரியாகிவிட்டால், அவர்தான் காரணம் என்பது உறுதியாகிவிடும். நான்கு மின்னஞ்சல்களையும் அச்செடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். சூப்பர்வைசரும் அங்கே இருந்தார். "என் தப்பு சார். நான் ஏத்துன பேரு ரொம்ப நீளம், அதுலதான் விழுது" என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

மேனேஜர் நிதானமாகப் படித்தார். "பேரைச் சுருக்கினா ஓடுமா?"

"ஓடும் சார்."

"அப்ப சுருக்குப்பா." சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "அந்தம்மாவ பழைய எடத்துலயே உக்கார வைங்க. கான்ட்ராக்டர்கிட்ட நானே பேசிக்கிறேன்."

இன்று எந்த மென்பொருள் விழுந்தாலும் ஏன், எங்கே விழுந்தது என்று அதுவே எழுதி அனுப்பிவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் பங்குக்கு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த அறிக்கைகளைப் படிப்பதுதான் இப்போது என் தொழில். அலுப்பான வேலை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

அன்று மேனேஜர் அறையிலிருந்து நேரே பேக்கிங்குக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். அவர் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை என்னை ஒருநாளும் ஒருமையில் அழைக்காதவர்.

"வுடு. மூஞ்சே செத்துப்போய்க்கீது. சாப்ட்டியா நீ?"

காலையிலிருந்து நான் எதுவுமே சாப்பிடவில்லை. அவர் நீட்டிய தக்காளிச் சோற்றை நின்றபடியே தின்று முடித்தேன்.