துணைக்குப் போனவள்

அப்பா தன் தங்கைக்குக் காவல் வைத்துத்தான் அவளைப் படிக்க அனுப்பினார். அந்தக் காவல், ஒன்பது வயதுச் சிறுமியான நான். எங்கள் வீட்டில் அதற்கு நாகரிகமாகத் துணை என்று பெயர்.

அத்தை பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கடைசி ஆண்டு. ஆய்வில் அவளுக்குக் கூட்டாளி, சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டு அண்ணன். நாங்களோ ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்கள். அதனால் சனிக்கிழமைதோறும் எங்கள் வீடிருந்த பிடோக்கிலிருந்து ரயிலேறி நானும் ஆய்வுக்கூடம் போனேன்.

இருட்டறையில் ஒளியைத் துளித்துளியாக விடுவார்கள். எதிரே இரண்டு மெல்லிய பிளவுகள். அவற்றைத் தாண்டி வந்தது கணினித் திரையில் புள்ளி புள்ளியாக விழுந்து, வெகுநேரம் கழித்து வரிவரியாகத் தெரியும். ஒரு துளி எந்த ஓட்டை வழியாகப் போனது என்று அந்த அண்ணனைக் கேட்டேன்.

"யாரும் பாக்காத வரைக்கும் அந்தக் கேள்விக்கே பதில் இல்ல லா. மெஷின் வச்சுப் பாத்தா ஏதோ ஒண்ணு வழியாத்தான் போகும். ஆனா அந்த வரியெல்லாம் அழிஞ்சிடும்."

ஏன் என்றேன். அது தெரிந்தால் நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று சிரித்தார். அத்தையும் சிரித்தாள்.

எண்களை எழுதுவார்கள், சண்டை போடுவார்கள், ஒரே பொட்டலத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடுவார்கள், மறுபடி எழுதுவார்கள். எது படிப்பு, எது பேச்சு என்று பிரிக்க முடியாது. அவர்களுக்கே அது தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

அப்பாவுக்குப் பிரித்தே ஆக வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை எனக்கு ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் வாங்கி வைத்துவிட்டு, அத்தை இல்லாத நேரம் பார்த்துக் கேட்டார்.

"படிச்சாங்களா, பேசிட்டு இருந்தாங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

இரண்டும் என்றேன். அது பதிலில்லை என்று கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். எனக்கு ஐஸ் வேண்டும்.

"பேசிட்டு இருந்தாங்க."

அடுத்த வாரமே அத்தையின் ஆய்வுக்கூடம் நின்றது. வேறு தலைப்பு எடுத்து வீட்டிலிருந்தே எழுதி ஒப்பேற்றினாள். மேற்படிப்புக்குக் கிடைத்த இடத்தை அப்பா வேண்டாமென்று எழுத வைத்தார். எங்கள் கோயில் பங்கிலேயே ஒரு வரன் பார்த்து, அந்த வருடத்துக்குள் கல்யாணம். அதற்காக அப்பாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என்னை மட்டும் எப்படி மன்னிப்பது?

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு காலையில், பள்ளிக்கு எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, அத்தை ஒரே முறை கேட்டாள்.

"அப்பாகிட்ட என்ன சொன்னே?"

"உண்மையத்தான் சொன்னேன் அத்தை."

அவள் பின்னி முடித்து ரிப்பனைக் கட்டினாள். உண்மையைச் சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று நிம்மதியாகப் பள்ளிக்குப் போனேன்.