ஹனீப் மாமா கழற்றிய வயர்

முகம்மது ஹனீப் என் உம்மாவின் அண்ணன். தாராவியில் கார் எலெக்ட்ரிக் பட்டறை வைத்திருக்கிறார். நொறுங்கிய கார் வந்தால், முதல் வேலையாகப் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுவார். தீப்பிடித்துவிடக் கூடாதே. யாருடைய கார், எங்கே மோதியது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எண்பத்தாறில் அப்படிக் கழற்றிய ஒரு வயர், மூன்று வருடங்களாகியும் அவரை விடவில்லை.

அந்தக் கார் என் வாப்பாவுடையது. துபாயிலிருந்து கப்பலில் வந்த ஜப்பான் கார். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிக்க அதில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. மழைத் தண்ணீர் புகுந்து அது கெட்டுப்போனது. மாமா குர்லாவின் பழைய சாமான் கடைகளில் அலைந்து அதே மாதிரி ஒன்றைப் பிடித்தார். மாட்டுங்காவில் இருக்கும் அவருடைய நண்பர் ஜகந்நாதன் காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு நாள் மல்லாந்து கிடந்து ஒவ்வொரு வயராகச் சேர்த்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது.

"மச்சான், இனிமே உம்மைவிட உம்ம காருக்கு மூளை ஜாஸ்தி!"

வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

பதினெட்டாம் நாள், விக்ரோலி அருகே நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நின்றதாம். பக்கத்தில் வந்த டாக்சிக்காரர் சொன்னது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. வாப்பா அங்கேயே இறந்துபோனார்.

காரைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். மாமா வயரைக் கழற்றினார். மறுநாள் ஜகந்நாதன் ஓடி வந்தார்.

"பாய், பேட்டரியைத் தொட்டுடலையே? கடைசியா வந்த கோளாறு பெட்டியில பதிஞ்சிருக்கும். சாவியைத் திருப்பி, டாஷ்போர்டு விளக்கு எத்தனை தடவை சிமிட்டறதுன்னு எண்ணினா என்ன கோளாறுன்னு தெரிஞ்சுடும்."

"கழட்டிட்டேனே."

"போச்சு, அழிஞ்சிருக்கும். பேட்டரியைக் கழட்டினா அழிஞ்சுடும்னு அந்தப் பக்கத்தை அன்னிக்கே படிச்சுச் சொன்னேனே!"

மாமா சேர்த்த வயர் விட்டுப்போனதா, வேறு கோளாறா, இனி யாருக்கும் தெரியாது. உம்மா தன் அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"காக்கா, மறந்து கழட்டினியளா, தெரிஞ்சே கழட்டினியளா?"

"கை கழட்டிட்டு, சபுரா. அந்நேரம் எனக்கு ஞாபகம் இருந்துச்சா, இல்லையா, எனக்கே தெரியல."

அதன்பின் அவள் அண்ணனோடு பேசவில்லை.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் போன மாதம் திரும்பியபோது, பட்டறை மூலையில் அந்தக் கார் அப்படியே நின்றது. மாமா வயரை எப்போதோ திரும்ப மாட்டியிருந்தார்; தினமும் காலையில் அதில் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். விளக்கு ஒரே சீராகச் சிமிட்டுகிறது. கோளாறு இல்லை என்று அதற்குப் பொருள்.

நான் சொன்னதைக் கேட்டு உம்மா என்னோடு வந்தாள். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வெகுநேரம் விளக்கைப் பார்த்தாள்.

"அப்பம் உங்க வேலையில தப்பில்ல, என்ன?"

ஆமாம் என்று மாமா சொல்லியிருக்கலாம்.

"இது இன்னைக்குள்ளது, சபுரா. அன்னைக்குள்ளது அழிஞ்சுட்டு."

உம்மா இறங்கினாள். "எந்த வயரு?"

மாமா பானட்டைத் தூக்கிக் காட்டினார். அவளே கழற்றினாள். விளக்கு அணைந்தது.

"போதும் காக்கா. வீட்டுக்கு வாங்க, சோறு திங்கலாம்."

மாமா வந்தார், சாப்பிட்டார். மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். வயர் மறுபடியும் மாட்டியிருந்தது. மாமா உள்ளே உட்கார்ந்து விளக்கின் சிமிட்டல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.