யன்னல் விளிம்பில் ஏழு போத்தல்கள்

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் எனக்கு இருபத்தேழு வயது. என் சீரணத்துக்கு மட்டும் அறுபது தாண்டியிருந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் கந்தோர்க் கிளாக்கர் வேலை. வீடு உரும்பிராயில்தான். ஆனால் தினமும் சைக்கிள் மிதித்தால் குடல் கலங்கிவிடும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லி, கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன்.

யன்னலைத் திறந்தால் சந்துபோல ஒடுங்கிய ஓர் ஒழுங்கை தெரியும். இருபது இருபத்தைந்து கிடுகுக் குடிசைகள். ஒன்றின் கூரைத் தண்ணீர் மற்றதின் அடுப்பில் விழும் அளவுக்கு நெருக்கம். மூட்டை சுமப்பவர்கள், கைவண்டில் தள்ளுபவர்கள், மீன்கூடை தூக்குபவர்கள் அங்கே இருந்தார்கள். யன்னலுக்கு உட்புறம் என் டொனிக் போத்தல்கள் ஏழு, குடித்து முடித்தவை, வரிசையாக நின்றன. சிலர் தங்கள் பட்டங்களைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். நான் பட்டம் எடுக்காதவன். என்னிடம் இருந்தவை இவைதான்.

நான் ஒரு மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசியும்கூட. வாசிகசாலையில் மாதம் ஒரு கட்டுரை வாசிப்பேன். அந்த மாதம் எடுத்த பொருள், நம் ஏழைகள் ஆங்கில வைத்தியத்துக்கு ஏன் பயப்படுகிறார்கள் என்பது. ஆராய்ச்சி முழுவதையும் யன்னலடியில் நின்றபடியே செய்து முடித்தேன்.

பார்க்கப் பார்க்க விசித்திரமாக இருந்தது. ஒரே குடிசைக்காரர் போன மாதம் காய்ச்சலுக்கு அரசாங்க இலவச மருந்துச்சாலைக்குப் போனார்; இந்த மாதம் அதே காய்ச்சலுக்கு நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம் போனார். இன்னொரு வீட்டில் பள்ளிவாசலில் ஓதின தண்ணீர். அடுத்த வீட்டில் வயிரவருக்கு நேர்த்தி வைத்து நூல் கட்டினார்கள். இதில் ஒழுங்கே இல்லை என்று கண்டு, ஓர் ஒழுங்கு முறையை நானே உண்டாக்கினேன்: மூடநம்பிக்கை, கூச்சம், அறியாமை. முக்காலிபோல ஆடாமல் நின்றது கட்டுரை.

அந்த ஒழுங்கையில் இருந்த ஒரு பெண்தான் நான் இருந்த வீட்டு முற்றத்தைக் கூட்டி, எனக்குத் தண்ணீர் அள்ளி வைப்பாள். புருஷன் மூட்டை சுமப்பவன். கள்ளுத் தவறணையில் அவனுக்கு நிரந்தர இடம் உண்டு. அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். ஒருநாள் காலை அந்தப் பிள்ளை வலது கண்ணைத் திறக்க முடியாமல், தாயின் சீலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வந்தது. கண் மடல் சிவந்து வீங்கியிருந்தது.

"உதென்ன கோலம்? மருந்துச்சாலைக்குக் கொண்டு போ," என்றேன்.

"ஓம் ஐயா."

"நாளைக்கு நாளைக்கு எண்டு நிக்காதை. கண் விஷயம்."

"ஓம் ஐயா, போறன்."

இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். பரியாரியாரிடம் காட்டியதாகவும், நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொன்னாரென்றும் சொன்னாள். நான் ஆத்திரப்படவில்லை. உள்ளூரச் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் உண்மை. கட்டுரைக்கு உயிருள்ள உதாரணம் கிடைத்துவிட்டது. அன்றே எழுதிச் சேர்த்தேன்: 'சொல்லியும் கேளாத ஒரு தாய்.'

அதற்கு மறுநாளோ என்னவோ, விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி யன்னலைப் பார்த்துக் கேட்டாள்:

"ஐயா, உந்தப் போத்தலுகளிலை ஒண்டு தருவியளோ?"

"என்னத்துக்கு?"

"மருந்துக்கு ஐயா."

"ஏன், தவறணையிலை இப்ப மருந்தோ விக்கிறாங்கள்? உன்ரை மனிசன் அனுப்பினவனோ?"

நல்ல பகிடி என்றுதான் நினைத்தேன். அவளும் சிரித்தாள். வேலை கொடுப்பவரின் பகிடிக்குச் சிரிக்காமல் இருக்க அந்த ஒழுங்கையில் எவருக்கும் வசதி இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவள் கேட்கவில்லை. ஒரு காரியதரிசியின் கையால் கள்ளுக்குப் போத்தல் போகவில்லை என்ற நிம்மதியில் நான் இருந்தேன். அந்த வாரமே வாசிகசாலையில் கட்டுரையை வாசித்தேன். 'சொல்லியும் கேளாத தாய்' வந்த இடத்தில் கைதட்டினார்கள்.

இரண்டு கிழமை போனது. வயிறு மறுபடி வேலைநிறுத்தம் செய்தது. டொனிக் கப்பலில் வருவது நின்றுபோயிருந்ததால், கடைசியாக முடித்த எட்டாவது போத்தலை எடுத்துக்கொண்டு நானும் அந்த இலவச மருந்துச்சாலைக்குப் போனேன். அதற்குமுன் ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. கட்டுரைக்கு அது தேவைப்படவில்லை. நான் போட்டிருந்த கோட்டைக் கண்டதும், அங்கே மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி என்னை உள்ளே அழைத்துக் கதிரை தந்தார். வரிசை வெயிலில் நின்றது.

வரிசையின் முன்னால் அவள். இடுப்பில் பிள்ளை. கையில் நன்றாகச் சுரண்டி மினுக்கிய ஒரு சிரட்டை.

"இஞ்சை பார், இது மூண்டாம் தரம்," என்றார் அப்போதிக்கரி. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். "கண் கழுவுற மருந்தைச் சிரட்டையிலை தந்தால், வீட்டை போக முந்தித் தூசி விழுந்திடும். மூடியுள்ள போத்தல் ஒண்டு கொண்டு வா எண்டு சொன்னனான்தானே?"

"வீட்டிலை கிடக்கிறது மண்ணெண்ணைப் போத்தல் ஐயா. எவ்வளவு கழுவியும் மணம் போகேல்லை. ஒழுங்கைக்கு எண்டு நல்ல போத்தல் ஒண்டுதான் இருக்கு. அது கடைசி வீட்டுக் கிழவனோடை நிக்குது. அந்தாளுக்கு இருமல் நிக்கவேணும், அதுக்குப் பிறகுதான் மற்றவைக்கு."

அப்போதிக்கரி என் பக்கம் திரும்பினார். "சண்டை தொடங்கினாப் பிறகு போத்தலுக்கு இப்பிடிப் பஞ்சம் ஐயா. மருந்து இருக்கு, ஊத்த ஏனம் இல்லை. போத்தல் இல்லாததுகள் பரியாரியிட்டைப் போகுதுகள். அவர் குளிகையை வாழையிலையிலை சுத்திக் குடுப்பார்."

முக்காலியின் மூன்று கால்களும் ஒரே நேரத்தில் கழன்றன. காய்ச்சல் வந்தபோது போத்தல் சும்மா இருந்தால் மருந்துச்சாலை. போத்தல் வேறு வீட்டில் இருந்தால் பரியாரியார், ஓதின தண்ணீர், வயிரவர். அந்த ஒழுங்கையின் வைத்திய சாஸ்திரம் அவ்வளவுதான். நான் யன்னலால் பார்த்தபோது, அதற்கும் எனக்கும் நடுவில் ஏழு போத்தல்கள் நின்றிருக்கின்றன.

எழுந்துபோய் என் போத்தலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தாள்.

"பிடி," என்றேன். போத்தலை அவள் கையில் வைத்தேன்.

அப்போதிக்கரி பிள்ளையின் கண்மடலைத் தூக்கிப் பார்த்தார். மருந்து தந்தார். அவள் போன பிறகு, "ரெண்டு கிழமை முந்தி மருந்து விட்டிருந்தால் கண் தப்பியிருக்கும்," என்றார். நான் எந்தக் கிழமை என்று கணக்குப் பார்த்தேன். அது அவள் யன்னலடியில் நின்று கேட்ட கிழமை.

மற்ற ஏழு போத்தல்களையும் அன்றைக்கே ஒழுங்கைக்குக் கொடுத்தேன். அந்த மாதம் ஒழுங்கையில் பாதிப்பேர் மருந்துச்சாலைக்குப் போனார்கள். அவர்களின் மூடநம்பிக்கையும் கூச்சமும் அறியாமையும் அப்படியேதான் இருந்திருக்கும். அவற்றை யாரும் தொடவில்லை. கட்டுரையைத் திருத்தி வாசிக்கலாமென்று ஒருமுறை எண்ணினேன். கைதட்டியவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. வாசிக்கவில்லை.

பிள்ளையின் கண்ணில் வீக்கம் வற்றியது. ஆனால் கருமணியில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணால் அவள் அதற்குப் பிறகு வெளிச்சத்தை மட்டும்தான் கண்டாள்.

மருந்து முடிந்த அன்று தாய் யன்னலடிக்கு வந்தாள். பிள்ளை மற்றக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஐயா, உங்கடை போத்தல்."

"நீ வைச்சிரன்."

"வேண்டாம் ஐயா. சாம்பலும் புளியும் போட்டுக் கழுவினனான்." மூடியைக் கழற்றி யன்னல் கம்பிக்குள்ளால் நீட்டினாள். "மருந்துக்குத்தான் ஐயா எடுத்தது, கள்ளுக்கில்லை. மணந்து பாருங்கோ."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஆனால் பழக்கம் முந்திக்கொண்டது. நான் முகர்ந்து பார்த்தேன்.