வெடிக்காமல் விழுந்த துளை

கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் செயற்கை எலும்பு செய்துகொண்டிருந்தேன். மாட்டெலும்பைச் சுட்டு, மாவாக அரைத்து, அச்சில் அழுத்தி மறுபடியும் உலையில் வைத்தால் வெள்ளை வில்லை வரும். கல்சியம் பொஸ்பேற்று. நம் எலும்பும் ஏறத்தாழ அதுதான். ஆனால் துளையிட்டால் பீங்கான் கோப்பை போல வெடித்துவிடும். ஆணி இறுக்க முடியாத எலும்பு யாருக்கு உதவும்? இன்னொரு பொஸ்பேற்றுத் தூளைக் கலந்தால் வெடிப்பு பரவாது என்று படித்திருந்தேன். சரியான கலவையைத் தேடியே வருடங்கள் போயின. நடுவில் மின்சாரம் நின்றால் உலை குளிர்ந்து எல்லாம் கீறல் விட்டுவிடும்.

ஒட்டுசுட்டானில் வயல் செய்த அண்ணாவுக்கு, சண்டையில் எறிகணைத் துண்டு பட்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு பகுதி இல்லை. எலும்பைத் தாங்க வைத்த கம்பியோடு நடந்தார். புண் ஆறும், திரும்பச் சீழ் பிடிக்கும். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கேட்பார்.

"பிள்ளை, உன்ரை எலும்பு எந்தளவில நிக்குது?"

"இன்னும் வெடிக்குதண்ணா."

ஒருநாள் வெடிக்கவில்லை. துளையைச் சுற்றி மா மட்டும் உதிர்ந்தது. தனியாக நின்று சிரித்தேன். அந்த வார இறுதியில் அந்த எலும்புத் துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அண்ணா கதிரையில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். தானே ஒரு திருகாணியை எடுத்து, நான் நீட்டிய துண்டின் துளையில் முறுக்கினார். இறங்கியது. முகம் மலர்ந்துபோனது.

"இதில பாரம் வைக்கலாமோ?"

துளை விழ இடம் கொடுத்த அந்த மென்மைதான் பாரத்தில் நொறுங்கவும் வைத்தது. பாரம் ஏற்றி அழுத்திப் பார்த்த பிறகே வந்திருந்தேன்.

"ஏலாதண்ணா. தாடையெலும்புக்கு எண்டால் சரிவரலாம். அதுவும் முதல்ல ஆடு மாட்டுக்கு வைச்சுப் பாக்கவேணும். கன வருசம் செல்லும்."

அவர் துண்டை என் கையில் தந்தார்.

"அப்ப வவுனியாவுக்குப் போறன். காலை எடுக்கவேணுமெண்டு டொக்டர் எப்பவோ சொன்னவர். நான்தான் உன்ரை எலும்பு வரட்டுமெண்டு இருந்தனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ பதறுவாய்."

முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். முன்பே வந்திருந்தால் முழங்காலாவது மிஞ்சியிருக்கும் என்றார் டொக்டர். பொய்க்கால் வயல் சேற்றில் புதைகிறது. வயலை வேறொருவர் செய்கிறார்.

நான் இப்போதும் ஆய்வுகூடத்துக்குப் போகிறேன். போன மாதம் செய்த கலவை நல்ல பாரம் தாங்கியது. துளையிட்டேன், இரண்டாகப் பிளந்தது.