காளை வைத்த நோன்பு

முஷ்டியை மடக்கிக் காளையின் இடது விலாப் பள்ளத்தில் அழுத்தினேன். கை உள்ளே போகவில்லை. வயிறு முட்டத் தின்றுவிட்டு, அறுவைக்கு வந்த நினைப்பே இல்லாமல் அது அசைபோட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில், சொன்னதைச் சரியாகச் செய்துவிட்ட திருப்தியோடு கயிற்றைப் பிடித்தபடி கடைக்கார பாய் நின்றிருந்தார்.

நான் கள்ளக்குறிச்சிக்குக் கால்நடை மருத்துவராக வந்த புதிது. பாய்க்குக் கடைவீதியில் மளிகைக் கடை. சரக்கு இழுக்க இந்த ஒற்றைக் காளை. அதன் ஒரு கொம்பு தொங்கிப்போய், அந்தப் பக்க மூக்கில் ரத்தம் கசிந்தது. கொம்பில் புற்று. வெட்டி எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். காதடியிலும் தாடைக்கடியிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினேன், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டேன், ரத்தம் எடுத்தேன். நோய் பரவியிருக்கவில்லை. வயிறு மட்டும் காலியாக இருக்க வேண்டும். மயக்கிப் படுக்கவைக்கும்போது தீனி எதுக்களித்து நுரையீரலுக்குள் போனால் மாடு பிழைக்காது. பாய்க்குச் சட்டென்று புரியட்டுமே என்று, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, "நோன்பு மாதிரி இருக்கணும் பாய்" என்று சொல்லியிருந்தேன். வந்தது வினை.

"என்ன பாய், தீனி வச்சீங்களா?"

"ஆமாங்க டாக்டரம்மா. சஹர் சாப்புடாம யாருனா நோன்பு வைப்பாங்களா? வெடியறதுக்கு முன்னயே ஜாஸ்தியா வச்சிட்டேன். அப்பறம் ஒரு வாய் குடுக்கலீங்க."

கோபம் வந்தது; யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அறுவையை இரண்டு நாள் தள்ளிவைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அதுக்குள்ள பரவிடாதுங்களா?"

அவருக்காகவே மறுபடி காதடியையும் தாடைக்கடியையும் தடவிப் பார்த்து, "இல்ல பாய்" என்றேன். அறுவைக்கு முதல் நாள் காலையோடு தீனியும் மாலையோடு தண்ணீரும் நிறுத்தச் சொல்லி, மணிக்கணக்குச் சொல்லி அனுப்பினேன். இன்றுவரை எல்லோருக்கும் மணிதான் சொல்கிறேன். உவமை சொல்வதை விட்டுவிட்டேன்.

அறுவையன்று விலாப் பள்ளம் நன்றாகக் குழிந்திருந்தது. பாயும் அன்று நோன்பு வைத்திருந்தார். கொம்பை எடுத்து, மயக்கம் முழுக்கத் தெளிந்து காளை நான்கு கால்களில் நிற்பதற்குள் மாலையாகிவிட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ஒரு மிடறு தண்ணீரில் நோன்பு திறந்தவர், பேரீச்சம்பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அதுக்கு இப்ப குடுக்கலாங்களா?"

தலையசைத்தேன். காளை ஒரு கைப்பிடிப் புல்லைக் கடித்து, மென்று, விழுங்கியது. அதன் பிறகே அவர் பழத்தை வாயில் போட்டார்.