கறக்கும் பக்கம்

நாகம்மாள் முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்தவர். தாய் தகப்பனுக்கு ஒரு குழி நிலமும் கிடையாது. கணவர் மருதமுத்துவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்ததால் நெய்வேலி டவுன்ஷிப் மதிலுக்கு வெளியே குடியேறினார். 2014-இல் அவரிடம் மூன்று பசுக்கள். குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் பால் ஊற்றினார். எங்கள் வீடு அவற்றில் ஒன்று.

ஜூன் 9, திங்கட்கிழமை, ஒரு தனியார் அறக்கட்டளையிலிருந்து ஜெயகணேஷ் வந்தார். உண்ணிகளால் வரும் மாட்டுக் காய்ச்சல் எந்தத் தெருவில் எவ்வளவு பரவும் என்று கணினியில் கணக்குப் போடுகிறவர். கணக்கு காட்டும் தெருவுக்குத்தான் உண்ணி மருந்து. நாகம்மாளின் செவலைப் பசு ஆறு மாதச் சினை. மருந்து எப்படியும் வந்துவிட வேண்டும் என்று காத்திருந்தார்.

மாட்டின் ஒரு பக்கத்து உண்ணிகளை எண்ணி இரண்டால் பெருக்குவது அறக்கட்டளையின் முறை. ஜெயகணேஷ் சாணம் மிதிக்காமல் எட்ட நின்று செவலையின் மேல் நான்கு எண்ணினார், எட்டு என்று பதிந்தார். பத்து நாளில் முடிவோடு மறுபடி வந்தார். இத்தெருவில் ஒரு நோய்மாடு 0.6137 மாட்டுக்குத்தான் நோய் கொடுக்குமாம். ஒன்றுக்குக் குறைந்தால் நோய் தானே அடங்கும், மருந்து தேவையில்லை. உண்ணியை எண்ணத் தெரியாதவருக்குப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம்.

"எந்தப் பக்கம் எண்ணுனீங்க சார்?" என்றார் நாகம்மாள்.

"எந்தப் பக்கமா இருந்தா என்னம்மா? ரெண்டும் ஒண்ணுதான்."

"கறக்கற பக்கம் நான் தெனமும் குந்திகினு புடுங்கிப் போடறேன். செவுத்துப் பக்கம் பூந்து பாருங்க. பேண்ட்டு அழுக்காயிடும்னு வுட்டுட்டீங்களா?"

செவலையை அவிழ்த்துத் திருப்பி நிறுத்தினார். பால் பாக்கி கொடுக்கப் போயிருந்த நானே எண்ணினேன்: அறுபத்தொன்று. ஜெயகணேஷ் குனியவும் இல்லை. அறிக்கை போய்விட்டது, ஒரு மாட்டுக்காக மொத்தக் கணக்கையும் கலைக்க முடியாது என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

ஜூன் 27-இல் செவலைக்குக் காய்ச்சல் கண்டது. சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கியது. மருத்துவர் வந்து ஊசி போட்டும் ஜூலை 2 காலை, வயிற்றுக் கன்றோடு செத்தது.

ஜூலை 4 அன்று அறக்கட்டளை டவுன்ஷிப்பில் கூட்டிய கூட்டத்தில் ஜெயகணேஷ் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். அது இறங்கித் தரையைத் தொட்டிருந்தது. கணக்கு சொன்னபடியே இத்தெருவில் நோய்மாடுகள் பூஜ்யம் என்றார். செத்த மாட்டை நோய்மாடுகளின் எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிடுவது அந்தக் கணக்கின் விதி. கைதட்டினார்கள்.

நாகம்மாள் எழுந்தார். "சரியாத்தான் வந்துகினு இருக்கு சார். மீதி ரெண்டும் செத்துப் பூட்டா இன்னும் நல்லா வரும்."

கைதட்டியவர்களில் இருவர் அவரிடம் பால் வாங்குகிறவர்கள். செவலை போய்க் குறைந்த பாலில் யாருக்கு நிறுத்துவது என்று மறுநாள் காலை அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.